‘அங்கே வேறு யாரைப் பார்த்தாய்?’ – சூனியக்காரி வேட்டை பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் வானியலாளர் கெப்ளரின் கோள் விதிகளைப் பற்றி எழுதியபோது, அவருடைய தாயார் கத்தரீனா மேல் ஜெர்மனியில் சூனிய வழக்கு நடந்ததையும் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோள்களை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டன. அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே.

கே: இருண்ட காலம் என்று சொல்லப்படும் இடைக்காலத்தில் 90 லட்சம் பெண்களைத் திருச்சபை உயிரோடு எரித்தது என்று படித்திருக்கிறேன். கெப்ளர் அந்தக் காலத்தவரா? – கோவை வாசகர்

ப: நீங்கள் படித்ததில் காலம், எண்ணிக்கை, எரித்தவர்கள் மூன்றுமே தவறு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேட்டை உச்சத்தில் இருந்தது ஏறக்குறைய 1560 முதல் 1630 வரை. கெப்ளரின் காலமும் அதுதான். கலிலியோ தொலைநோக்கியை வானத்துக்குத் திருப்பிய காலம், ஐரோப்பாவில் அச்சகம் வந்து நூறு வருடம் தாண்டிவிட்ட காலம். இடைக்காலத்தின் பெரும்பகுதியில் திருச்சபை இதற்கு எதிர்ப்பக்கம் நின்றது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான ஒரு சபைவிதி, இரவில் டயானா தேவியோடு விலங்குகள் மேல் ஏறிப் பறப்பதாகச் சொல்லும் பெண்கள் கனவில் கண்டதை நிஜம் என்று எண்ணி மயங்குகிறார்கள் என்கிறது. அப்படிப் பறப்பதாக நம்புவதைத்தான் அது பிழை என்றது.

எண்ணிக்கை: ஐரோப்பா முழுவதிலும் சுமார் மூன்று நூற்றாண்டுகளில் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 50,000 வரை என்பது இன்றைய வரலாற்றாளர்கள் பெரும்பாலோர் ஏற்கும் கணிப்பு. 90 லட்சம் என்பது ஃபோய்க்ட் என்ற ஜெர்மானியர் 1784இல் போட்ட கணக்கிலிருந்து வருகிறது. குவெட்லின்பர்க் என்ற ஒரே ஊரின் ஆவணங்களில் கிடைத்த சில வழக்குகளை எடுத்து, மொத்த ஐரோப்பாவின் மக்கள்தொகைக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கிவிட்டார். எண்ணைக் குறைத்துச் சொல்வதால் கொடுமை குறைந்துவிடாது. ஆனால் பொய்யான எண்ணை வைத்துக்கொண்டு நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

எரித்தது யார் என்றால், பெரும்பாலும் ஊர் நீதிமன்றங்களும் குறுநில ஆட்சியாளர்களும். பல இடங்களில் கழுத்தை நெரித்தோ தலையை வெட்டியோ கொன்ற பிறகே உடலை எரித்தார்கள். இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு.

கே: செய்வினை, சூனியம் என்ற பயம் உலகத்தில் எல்லா இடத்திலும் எப்போதும் இருந்திருக்கிறது. அப்படியிருக்க அங்கே, அந்த நேரத்தில் மட்டும் ஏன் இப்படி வெடித்தது? – திருநெல்வேலிக் கல்லூரி மாணவி

ப: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்தப் பயம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் வேட்டை எல்லா நூற்றாண்டிலும் நடந்திருக்க வேண்டும். புதிதாக வந்தவை இரண்டு: ஒரு கதை, ஒரு விசாரணை முறை.

கதை 1430களை ஒட்டி ஆல்ப்ஸ் மலையின் மேற்குப் பகுதியில், இன்றைய சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியிலும் சவோயிலும் உருவானது. பக்கத்து வீட்டுக்காரி பசு மடியை வற்ற வைத்தாள் என்ற பழைய குற்றச்சாட்டோடு, அவள் சாத்தானோடு ஒப்பந்தம் செய்தவள், இரவில் பறந்து போய் ஒரு ரகசியக் கூட்டத்தில் கலந்துகொள்பவள், அங்கே குழந்தைகளைத் தின்பவள் என்பதெல்லாம் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. தனியாக ஒருத்தி வைக்கும் செய்வினை என்பது போய், ஒரு ரகசிய இயக்கத்தின் சதி என்றாகிவிட்டது. அதே சமயம் பக்கத்தில் பாசல் நகரத்தில் திருச்சபையின் மாமன்றம் வருடக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. பல நாட்டுப் பாதிரிமார்கள் அங்கே கூடி இந்தக் கதைகளைக் கேட்டு, ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

அப்புறம் ஹைன்ரிஷ் கிராமர் என்ற திருச்சபை விசாரணை அதிகாரி. 1485இல் இன்ஸ்ப்ருக் நகரத்தில் சில பெண்கள் மேல் வழக்குத் தொடுத்து, குற்றத்தை நிரூபிப்பதை விட்டு அவர்களுடைய படுக்கையறை விஷயங்களையே கிளறிக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியின் ஆயர் வழக்கை முடித்து, அவரை ஊரைவிட்டே போகச் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டே அவர் எழுதியதுதான் ‘மல்லேயுஸ் மலிஃபிகாரும்’, சூனியக்காரிகளை அடிக்கும் சம்மட்டி என்று பொருள். பெண்கள் மேல் அவ்வளவு வெறுப்பு அதில். அச்சு இருந்ததால் அது நீதிபதிகளின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த ஒரு புத்தகம்தான் வேட்டையைக் கிளப்பியது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பெரிய வேட்டைகள் தொடங்க அதற்குப் பிறகு எழுபது எண்பது வருடம் ஆனது. அந்தப் பெரிய அலையின்போது அதை விடப் பரவலாகப் போனவை, இன்ன ஊரில் இத்தனை பேரை எரித்தார்கள், இன்னதை ஒப்புக்கொண்டார்கள் என்று படத்தோடு வந்த மலிவான துண்டறிக்கைகள்.

இனி விசாரணை முறை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. பழைய முறையில் ஒருவர் மேல் புகார் கொடுப்பவர் தானே அதை நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காவிட்டால் தண்டனை அவர் மேலேயே திரும்பலாம். அதனால் வாய்க்கு வந்தபடி யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். புதிய முறையில் அதிகாரியே வழக்கை எடுத்து, அவரே விசாரித்து, அவரே தீர்ப்பும் சொல்வார். ஒப்புதல் வாக்குமூலம்தான் தலைசிறந்த சாட்சி, அதை வாங்கச் சித்திரவதை செய்யலாம். ஜெர்மன் நிலங்களுக்குப் பேரரசராக இருந்த ஐந்தாம் சார்லஸின் 1532 குற்றவியல் சட்டம் இதற்கு வரம்பு வைத்திருந்தது: போதிய தடயம் இல்லாமல் சித்திரவதை கூடாது, சந்தேகம் இருந்தால் சட்டம் படித்தவர்களிடம் ஆலோசனை கேட்க வேண்டும். சூனியம் விதிவிலக்கான குற்றம், அதற்கு வழக்கமான விதி பொருந்தாது என்று சொல்லி அந்த வரம்புகளைத் தூக்கிப் போட்ட ஊர்களில்தான் பிணங்கள் குவிந்தன.

கே: பருவநிலை காரணம் என்கிறார்களே? – தஞ்சாவூர் விவசாயி

ப: பற்றவைத்த பொறி பல இடங்களில் அதுதான். 1560களிலிருந்து ஐரோப்பா வழக்கத்தை விட மிகவும் குளிர்ந்தது. கோடையிலும் மழை, திராட்சை பழுக்காமல் அழுகியது, தானிய விலை ஏறியது. 1562 ஆகஸ்ட் 3ஆம் தேதி தென்மேற்கு ஜெர்மனியில் அடித்த ஆலங்கட்டி மழையில் விளைச்சல் நாசமானது. அதைத் தொடர்ந்து வீஸன்ஸ்டைக் என்ற சின்ன ஊரில் 63 பேரைக் கொன்றார்கள்.

நார்வேயின் வடகோடியில் வார்டோ என்ற மீனவ ஊர். 1617 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் திடீரென்று புயல் கிளம்பி, கடலுக்குப் போன 40 ஆண்கள் திரும்பவில்லை. டென்மார்க் அரசரின் புதிய சூனியச் சட்டமும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் வந்தது. 1621இல் வழக்குகள் தொடங்கின, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காற்றைக் கட்டி வைத்து அவிழ்த்துவிட்டதாகப் பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் மட்டும் 91 பேர் கொல்லப்பட்டார்கள். அவ்வளவு குறைந்த மக்கள் வாழும் கடற்கரையில் அது எத்தனை வீடு என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் குளிரும் பஞ்சமும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வந்தன, எல்லா ஊரிலும் வேட்டை நடக்கவில்லை. வித்தியாசம் எங்கே என்று கீழே வருகிறேன்.

கே: ஒரு ஊரில் இரண்டு மூன்று பேரைப் பழி சொல்லலாம். நூற்றுக்கணக்கில் எப்படிப் போகும்? ஊரே பார்த்துக்கொண்டு இருந்ததா? – மதுரை வாசகி

ப: பாம்பெர்க் நகரத்தின் கதையைச் சொன்னால் புரியும்.

பாம்பெர்க்கை ஆண்டவர் ஓர் ஆயர், அவரே அரசரும். 1626 மே மாதக் கடைசியில் கடும் பனி விழுந்து திராட்சையும் பயிரும் கருகின. மக்களே வந்து, சூனியக்காரிகளைப் பிடியுங்கள் என்று கேட்டார்கள். பிடித்தார்கள். அடுத்த வருடம் இதற்கென்றே ஒரு தனிச் சிறை கட்டப்பட்டது. 1631 வரையில் கொல்லப்பட்டவர்கள் 600 முதல் 1,000 வரை இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். ஆட்சியின் தலைமை அமைச்சர் கெயோர்க் ஹான் வழக்குகளை மட்டுப்படுத்தப் பார்த்தார். அதுவே அவர் மேல் சந்தேகமாகி, முதலில் அவருடைய மனைவியையும் மகளையும், பிறகு அவரையும் கொன்றார்கள். அப்படிப்பட்டவருக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்கள் வாயைத் திறப்பார்களா?

1628இல் யோஹன்னஸ் யூனியுஸ் பிடிபட்டார். நகரத்தின் மேயர், வயது 55. அவர் மனைவியை ஏற்கெனவே கொன்றுவிட்டார்கள். கட்டைவிரல்களைத் திருகில் வைத்து நசுக்கினார்கள். கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் மேலே இழுத்து அப்படியே கீழே விட்டார்கள், எட்டு முறை. கடைசியில் ஒப்புக்கொண்டார். ஜூலை 24 தேதியிட்டு மகள் வெரோனிகாவுக்கு ரகசியமாக எழுதிய கடிதத்தில் எல்லாவற்றையும் சொல்கிறார். குற்றமில்லாமல் சிறைக்கு வந்தேன், குற்றமில்லாமல் சித்திரவதைப்பட்டேன், குற்றமில்லாமல் சாகப் போகிறேன் என்று தொடங்கும் கடிதம் அது. கை இரண்டும் செயலிழந்து போனதால் எழுதி முடிக்கப் பல நாள் ஆனது என்கிறார். தண்டனை நிறைவேற்றுபவனே அவரிடம் கெஞ்சியிருக்கிறான்: ஐயா, கடவுளுக்காக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள், உண்மையோ பொய்யோ, கற்பனை செய்தாவது சொல்லுங்கள், இதை உங்களால் தாங்க முடியாது என்று.

சரி, ஒப்புக்கொண்டாயிற்று. அதோடு விட்டார்களா? இல்லை, உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. அந்த இரவுக் கூட்டத்தில் வேறு யாரைப் பார்த்தாய் என்று கேட்டார்கள். யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றார். தலைமை அமைச்சர் இருந்தாரா இல்லையா என்று அதட்டினார்கள், ஆமாம் என்றார். இன்னும் யார்? தெரியாது. அப்படியானால் தெருத் தெருவாக எடுத்துக்கொள், கடைவீதியில் தொடங்கு, ஒரு தெருவில் போய் அடுத்த தெருவில் திரும்பி வா, யார் யார் வீடு என்று சொல் என்றார்கள். அப்படித்தான் சில பெயர்களைச் சொல்ல வேண்டியதாயிற்று என்று மகளுக்கு எழுதுகிறார். அவரைக் காட்டிக்கொடுத்தவர்களும் இதே வழியில் வந்தவர்கள்தான். சாவதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி அவரையும் கொன்றார்கள்.

ஒரு ஆள் மூன்று பெயர் சொன்னால் போதும், அந்த மூவரும் ஆளுக்கு மூன்று சொல்வார்கள். செய்வினை என்பது தனி ஆள் குற்றமாக இருந்தவரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. ரகசியக் கூட்டம் என்ற கதை வந்த பிறகு, கூட்டம் என்றால் இன்னும் பலர் இருந்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. கதையும் சித்திரவதையும் ஒன்றுக்கொன்று தீனி போட்டன. ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஜெர்மன் பேசும் நிலங்களில் செத்தார்கள் என்பதற்கும் இதுதான் காரணம்: நூற்றுக்கணக்கான குட்டி ஆட்சிகள், ஒவ்வொன்றுக்கும் தனி நீதிமன்றம், மேலே தட்டிக்கேட்க ஆள் இருந்தும் அவர்களுடைய கட்டளை அங்கே போய்ச் சேரவில்லை.

கே: ஏன் பெண்கள்? – சென்னை, இரண்டு வாசகிகள் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள்

ப: கொல்லப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். படித்த ஆண்கள் எழுதியவற்றில் பெண் பலவீனமானவள், சாத்தானுக்கு எளிதில் மசிந்துவிடுவாள் என்ற எண்ணம் ஊறியிருந்தது. ஆனால் புகார் ஊரிலிருந்துதான் வந்தது. புகார் சொன்னவர்களில் பெண்களும் நிறைய. பிரசவம், குழந்தைக்குக் காய்ச்சல், பால் கறப்பது, வெண்ணெய் திரளாமல் போவது, எல்லாம் பெண்கள் நடமாடும் இடங்கள். அங்கே ஏதாவது தப்பாகப் போனால் கை நீள்வதும் அங்கே இருந்த இன்னொரு பெண்ணை நோக்கித்தான். அதிலும் வயதானவள், கணவன் இல்லாதவள், வாய் நீண்டவள் என்றால் கேட்கவே வேண்டாம்.

இங்கிலாந்தில் பெண்டில் மலைப்பகுதி வழக்கைப் பாருங்கள். 1612 மார்ச்சில் அலிசன் டிவைஸ் என்ற ஏழைப் பெண் ஒரு நடைவியாபாரியிடம் குண்டூசி கேட்டாள், அவர் மறுத்துவிட்டார், கொஞ்ச தூரம் போவதற்குள் கை கால் விழுந்து சரிந்தார். இன்று நாம் பக்கவாதம் என்போம். தான் சபித்ததால்தான் அப்படி ஆனது என்று அலிசனே நம்பினாள், போய் மன்னிப்பும் கேட்டாள். அந்த ஆகஸ்டில் லங்காஸ்டரில் 10 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அலிசனின் தங்கை, ஒன்பது வயது இருக்கலாம், மேசை மேல் நின்று தன் தாய்க்கு எதிராகவே சாட்சி சொன்னாள். கை நீட்டி வந்தவளை வெறும் கையோடு அனுப்பிவிட்ட உறுத்தல், அப்புறம் வீட்டில் ஏதாவது நடந்தால் அவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்ற பயமாக மாறுகிறது. இங்கிலாந்தின் பல வழக்குகளில் இதே தடம் தெரிகிறது.

ஆனால் எல்லா இடத்திலும் பெண்கள் இல்லை. ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்ட இருபது சொச்சம் பேரில் ஒரே ஒருவர்தான் பெண். அங்கே மந்திரம் என்றால் எழுத்துக் குறிகள், ஏடுகள், அவை ஆண்கள் கையில் இருந்தவை.

கே: கத்தோலிக்கரா, புராட்டஸ்டன்டா? – நாகர்கோவில் வாசகர்

ப: இரு தரப்பும். பாம்பெர்க் கத்தோலிக்கம், ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்டில் ஒரு பிரிவான கால்வினியம், அதே கால்வினியத்தைப் பின்பற்றிய பாலாட்டினேட் என்ற ஜெர்மன் ஆட்சிப்பகுதியில் அரசு இதற்கு இடமே கொடுக்கவில்லை.

கே: ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எப்படிப் பரவியது? – யாழ்ப்பாண வாசகர்

ப: துண்டறிக்கைகளைச் சொல்லிவிட்டேன். அரச குடும்பத்தின் வழியாகவே பரவியதும் உண்டு. ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸுக்கு டென்மார்க் இளவரசி ஆன் மணமகள். 1589இல் அவர் வந்த கப்பல் புயலில் சிக்கி நார்வேக்கு ஒதுங்கியது, ஜேம்ஸே போய் மணம் முடித்து அழைத்துவந்தார். புயலைக் கிளப்பியதாக 1590இல் கோபன்ஹேகனில் பெண்களைப் பிடித்து விசாரித்தார்கள். அதே ஆண்டு ஸ்காட்லாந்திலும் அதே குற்றச்சாட்டு கிளம்பியது. நார்த் பெர்விக் தேவாலயத்தில் சாத்தான் கூட்டம் நடத்தியது என்றார்கள். ஆக்னஸ் சாம்ப்சன் என்ற நாட்டு வைத்தியப் பெண்மணியை அரசரே உட்கார்ந்து விசாரித்தார். 1597இல் பேய் சூனியம் பற்றி அவரே ஒரு நூலும் வெளியிட்டார். சுமார் பத்து லட்சம் பேர் இருந்த நாட்டில் மொத்தம் 2,500 பேர் வரை கொல்லப்பட்டதாகக் கணிக்கிறார்கள். அந்தந்த ஊர்ப் பெரிய மனிதர்களுக்கே விசாரிக்கும் அதிகாரம் கொடுத்து அனுப்பியதன் விளைவு இது. பக்கத்து இங்கிலாந்தில் மக்கள் பல மடங்கு அதிகம், கொலை 500ஐத் தாண்டவில்லை. அங்கே நீதிபதிகள் தலைநகரிலிருந்து சுற்றுக்கு வருவார்கள், சித்திரவதைக்கும் சட்டத்தில் இடமில்லை. உள்நாட்டுப் போரில் அந்த ஏற்பாடு குலைந்த 1645–47இல்தான் மத்தியூ ஹாப்கின்ஸ் என்ற ஆள் கிழக்கு மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய், சந்தேகப்பட்டவர்களைத் தூங்கவிடாமல் நாள்கணக்கில் உட்காரவைத்து வாக்குமூலம் வாங்கி, நூறு பேர் வரை சாகக் காரணமானான். ஸ்டோமார்க்கெட் என்ற ஊர் மட்டும் அதற்கு 23 பவுண்டு கொடுத்தது.

கே: எதிர்த்து நின்றவர் யாருமே இல்லையா? – சேலம் ஆசிரியை

ப: இருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் அலோன்சோ டி சலசார் ஃப்ரியாஸ். அவர் ஸ்பானிய இன்க்விசிஷன் என்ற திருச்சபை விசாரணை மன்றத்தின் நீதிபதி, நாம் கொடுமைக்கே உதாரணமாகச் சொல்லும் அதே அமைப்பு. 1610 நவம்பரில் லோக்ரோன்யோ நகரத்தில், வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த 6 பேர் எரிக்கப்பட்டார்கள். மூன்று நீதிபதிகளில் இவரும் ஒருவர், ஆதாரம் போதவில்லை என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டு மலை கிராமங்களுக்கு நேரில் போனார். 1,802 பேர் அவரிடம் வந்து பேசினார்கள், அவர்களில் 1,384 பேர் சிறுவர் சிறுமியர். அவர் செய்தது எளிமையான வேலை. இரவுக் கூட்டம் நடந்த இடத்தைக் காட்டு என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூட்டிப்போனார், ஆளுக்கு ஒரு இடத்தைக் காட்டினார்கள். பறப்பதற்குப் பூசும் களிம்பு என்று கொடுத்த ஜாடிகளைச் சோதித்தார், விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், ஒன்றுமே ஆகவில்லை. இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை அங்கே சூனியக்காரியும் இல்லை, சூனியத்தால் பாதிக்கப்பட்டவரும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். 1614இல் மேலிடம் அதை ஏற்றுப் புதிய விதிகள் போட்டது, அதற்குப் பிறகு அந்த அமைப்பின் நீதிமன்றங்களில் சூனிய எரிப்பு ஏறக்குறைய நின்றுபோனது. ஆனால் அந்த விதிகள் கட்டுப்படுத்தாத கத்தலோனியாவில், ஊர் நீதிமன்றங்கள் சில வருடங்களுக்குள்ளேயே பலரைத் தூக்கிலிட்டன.

பாரிஸ் உயர்நீதிமன்றமும் இப்படித்தான், கீழ் நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளில் பெரும்பகுதியை மேல்முறையீட்டில் குறைத்தது. 1624இல் எல்லாச் சூனிய வழக்கும் தன்னிடம் வந்தே ஆகவேண்டும் என்றது.

ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் ஸ்பே என்ற இயேசுசபைப் பாதிரியார் 1631இல் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சித்திரவதை செய்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள், நாம் எல்லோரும் சூனியக்காரர் ஆகாமல் இருப்பதற்கு ஒரே காரணம் நம்மை இன்னும் சித்திரவதை செய்யாததுதான் என்பது அவர் வாதம். பாம்பெர்க்கும் அதன் பக்கத்து வூர்ஸ்பர்க்கும் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் இதை எழுதுவதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும்!

கத்தரீனா கெப்ளர் தப்பியதும் இந்த வழியில்தான். 1615இல் பக்கத்து வீட்டுப் பழி, 1620இல் கைது, 14 மாதம் சிறை, சங்கிலி. வுர்ட்டம்பெர்க் நாட்டில் ஊர் அதிகாரி நினைத்ததை உடனே செய்துவிட முடியாது, தலைநகருக்கு எழுத வேண்டும், ட்யூபிங்கன் பல்கலைக்கழகச் சட்டத் துறையிடம் கருத்துக் கேட்க வேண்டும். அந்த இடைவெளியில் மகன் ஒவ்வொரு சாட்சியத்தையும் பிரித்து எழுதிப் பதில் கொடுத்தார். கடைசியில் சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மட்டும் மிரட்டிப் பாருங்கள் என்று உத்தரவு வந்தது. எழுபதைத் தாண்டிய அந்த அம்மா, என்ன செய்தாலும் ஒப்புக்கொள்ள ஒன்றுமில்லை என்றுவிட்டார். 1621 அக்டோபரில் விடுதலை, ஆறு மாதத்தில் இறந்துபோனார்.

கே: எப்போது ஓய்ந்தது? நீதிபதிகள் யாராவது தண்டிக்கப்பட்டார்களா? – புதுச்சேரி வாசகர்

ப: மக்களுக்கு நம்பிக்கை போன பிறகு வழக்கு நிற்கவில்லை, வழக்கு முதலில் நின்றது. பிரான்ஸில் 1682இலும் பிரிட்டனில் 1736இலும் சட்டமே மாறியது, பிரஷ்யாவில் 1714இலிருந்து இந்தத் தண்டனைகளுக்கு அரசரின் ஒப்புதல் தேவைப்பட்டது. சுவிட்சர்லாந்தின் கிளாருஸில் அன்னா கோல்டி என்ற வீட்டு வேலைக்காரப் பெண்ணை 1782இல் தலை வெட்டிக் கொன்றார்கள். எஜமானரின் மகள் வாயிலிருந்து ஊசிகள் வந்ததற்கு இவள்தான் காரணம் என்றார்கள், தீர்ப்பில் மட்டும் நஞ்சு வைத்ததாக எழுதிக்கொண்டார்கள். 2008இல் அந்த மாநில நாடாளுமன்றம் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தது.

நீதிபதிகளில் தண்டனை பெற்றவர்கள் மிகக் குறைவு. ஃபுல்டா பகுதியில் 1603 முதல் மூன்று வருடத்தில் இருநூறு பேருக்கு மேல் கொன்ற பால்தசார் நுஸ் என்பவரைப் பிடித்துப் பல வருடம் சிறையில் வைத்து, 1618இல் தலையை வெட்டினார்கள். ஆனால் அவர் மேல் இருந்த முக்கியமான குற்றச்சாட்டு, விசாரணைச் செலவு என்று சொல்லி இறந்தவர்களின் குடும்பங்களிடம் கணக்குக்கு மேல் பணம் வசூலித்தார் என்பது.